எவ்வளவு என்று கேட்கும் கைப்பிடி

அடாரி நிறுவனம் 1979 ஆகஸ்டில் வெளியிட்ட 'லூனார் லேண்டர்' ஆர்கேட் பெட்டியில் சுடுவதற்கு எதுவும் கிடையாது. எதிரியும் கிடையாது. நிலவில் இறங்கும் ஓடத்தை இடப்பக்கம் சாய்க்க ஒரு பொத்தான், வலப்பக்கம் சாய்க்க ஒன்று, நிலைமை கைமீறினால் அழுத்துவதற்கு 'அபார்ட்' என்று இன்னொன்று. இந்தப் பொத்தான்களோடு, பெரிய கைப்பிடி வைத்த ஒரு நெம்புகோல். அதை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு உந்துவிசை. ஆர்கேட் விளையாட்டுகளின் வரலாற்றில் அந்த 'எவ்வளவு'க்கு ஈடாக நான் ரசித்த பொருள் வேறு இல்லை.

பொத்தானுக்குத் தெரிந்தவை இரண்டே பதில்கள்: உண்டு, இல்லை. ஆர்மோனியக் கட்டையை அழுத்தினால் சுரம் வருகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. வீணைத் தந்தியை இழுக்கும் விரலோ ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே உள்ள வழி முழுவதையும் தொட்டுக்கொண்டு போகிறது. உந்துவிசையைக் கூட்டிக் குறைக்கும் இந்த நெம்புகோல், அதாவது த்ராட்டில், இரண்டாவது இனத்தைச் சேர்ந்தது. அதைப் பிடித்திருக்கும் கை முடிவெடுத்துவிட்டு ஓய்வதில்லை. ஆட்டம் முடியும்வரை முடிவைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தக் கைப்பிடி திடீரென்று முளைத்ததல்ல. மனிதன் நிலவில் இறங்கிய அதே 1969ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் பள்ளி மாணவராக இருந்த ஜிம் ஸ்டோரர், பிடிபி-8 கணினியில் ஃபோகல் மொழியில் ஒரு விளையாட்டு எழுதினார். படம் கிடையாது, எழுத்தும் எண்ணும் மட்டும். 120 மைல் உயரத்தில், மணிக்கு 3,600 மைல் வேகத்தில், 16,000 பவுண்டு எரிபொருளோடு ஓடம் கீழே வந்துகொண்டிருக்கும். 10 வினாடிக்கு ஒருமுறை, வினாடிக்கு எத்தனை பவுண்டு எரிக்கலாம் என்று கணினி கேட்கும். பூஜ்யம் என்று தட்டலாம், அல்லது 8 முதல் 200 வரை ஏதாவது ஓர் எண். நியூட்டனின் விதி அதில் பழுதில்லாமல் இருந்தது. ஆனால் கைக்கு அங்கே வேலை இல்லை. இறக்கம் முழுவதும் 10 வினாடிப் படிக்கட்டுகளாக நடந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று மனக்கணக்குப் போட்டவர் பிழைத்தார்.

அடுத்து 1973இல் ஜாக் பர்னஸ், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஜிடி40 என்ற கோட்டுப்பட முனையத்துக்காக 'மூன்லேண்டர்' எழுதினார். இப்போது மலைகளும் ஓடமும் ஒளிக்கோடுகளாகத் திரையில் தெரிந்தன. உந்துவிசையைக் கூட்டவும் குறைக்கவும் ஒளிப்பேனாவால் திரையைத் தொட வேண்டும். நிலவின் சரியான இடத்தில் போய் இறங்கினால் அங்கே ஒரு மெக்டொனால்ட்ஸ் கடை இருக்கும். அந்தக் குறும்புக்காகவே பலர் இந்த விளையாட்டை நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேனாதான் முக்கியம். எண்ணாகத் தட்டச்சு செய்த அளவு, இப்போது கை நகர்கிற தூரமாக மாறிவிட்டது. ஆனாலும் பேனாவுக்கு எடை இல்லை, எதிர்ப்பு இல்லை. கண்ணாடிமேல் எங்கே தொட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அடாரியில் ஹோவர்ட் டெல்மனும் ரிச் மூரும் லூனார் லேண்டருக்காகச் செய்த வேலையை இந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. கணக்கு ஏற்கனவே இருந்தது, கோட்டுப் படமும் இருந்தது. அவர்கள் அதற்கு ஓர் உடலைக் கொடுத்தார்கள். நிமிர்ந்து நின்று, தோளிலிருந்து முழங்கை வழியாக இழுக்க வேண்டிய ஒரு பொருள்.

உண்மையான நிலா ஓடத்தின் கதையும் த்ராட்டிலின் கதைதான். அப்போலோவின் இறங்கு எஞ்சினை டிஆர்டபிள்யூ நிறுவனம் செய்தது. ராக்கெட் எஞ்சின்கள் பெரும்பாலும் முழுமூச்சாக எரியும், அல்லது அணைந்திருக்கும். இந்த எஞ்சினோ சுமார் 10 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடு வரை ஏறி இறங்கக்கூடியது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் ஒரேயடியாக முழு விசைக்குத் தாவும். இடைப்பட்ட அளவில் நெடுநேரம் எரிந்தால் எஞ்சினின் வாய்ப்பகுதி அரித்துவிடும் என்பதால் அந்தப் பகுதி தவிர்க்கப்பட்டது. அதன் உச்ச விசை ஏறத்தாழ 45 கிலோநியூட்டன். தரையைத் தொடும் வேளையில் ஓடத்தின் நிறை 7 டன்னுக்குச் சற்று அதிகம். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி² என்று வைத்துப் பெருக்கினால் எடை 12 கிலோநியூட்டனை ஒட்டி வருகிறது. ஆக, அந்தரத்தில் அசையாமல் நிற்பதற்கு வேண்டியது முழு விசையில் கால் பங்கு. அந்தக் காலுக்குச் சற்றுக் கீழே போனால் ஓடம் தாழும், சற்று மேலே போனால் எழும். இறங்குவது என்ற வேலை முழுக்க அந்தக் கால் பங்கின் அக்கம்பக்கத்தில்தான் நடக்கிறது. நெம்புகோலின் ஓட்டம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் கை குடியிருக்கப்போகும் இடம் ஒரு சிறிய தெருதான்.

லூனார் லேண்டரில் இந்தத் தெருவைத் தேடிக்கொள்வதே ஆட்டம். உள்ளே இருப்பது 1.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சில்லு. திரையில் புள்ளிகளாலான படம் கிடையாது; மின்கற்றை நேராகக் கோடு இழுக்கிறது. மலைமுகடு ஒரு கோடு, ஓடம் ஒருபிடிக் கோடுகள், அதன் அடியில் நடுங்கும் தழல். தழலின் நீளம் நெம்புகோலோடு நீண்டு குறுகும். தரையை நெருங்கும்போது காட்சி சட்டென்று நெருக்கமாக மாறும். அதுவரை பூச்சி அளவில் இருந்த ஓடம் கால்களோடு பெரிதாக நிற்கும். அதுவரை தெரியாத கையின் தடுமாற்றமும் அப்போது பெரிதாகத் தெரியும்.

ஒலியில் இன்னும் நுணுக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. நெம்புகோலின் நிலையை இயந்திரம் 8 பிட் எண்ணாகப் படிக்கிறது. 256 படிகளுக்குள் ஓர் அளவு. எஞ்சினின் இரைச்சலுக்கோ 3 பிட் மட்டும், அதாவது 8 அளவுகள். கண் பார்க்கும் தழல் வழுக்கிக்கொண்டு போகையில், காது கேட்கும் உறுமல் படியேறிக்கொண்டு போகிறது. இது சிக்கனத்துக்காகச் செய்யப்பட்டதாகவே இருக்கலாம். ஆனாலும் கைக்கு இது பெரிய உதவி. நெம்புகோலில் கோடு போட்ட அளவுகோல் எதுவும் இல்லை. உறுமல் ஒரு படி ஏறியதும், சற்று முன் கை எங்கே இருந்தது என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. கொஞ்சம் பழகியவர்கள் தழலைப் பார்ப்பதைவிட உயரமும் வேகமும் காட்டும் எண்களைப் பார்த்துக்கொண்டே, எஞ்சினைக் காதில் வைத்துத்தான் ஆடுவார்கள்.

பிறகு சாய்வு. ஓடம் நேராக நிற்கும்போது எஞ்சினின் விசை முழுவதும் மேல்நோக்கிப் போகிறது. 30 பாகை சாய்த்தால் மேல்நோக்கி மிஞ்சுவது 87 விழுக்காடு. உயரத்தை விட்டுக்கொடுக்காமல் பக்கவாட்டில் நகர வேண்டுமென்றால் கை சுமார் 15 விழுக்காடு அதிகம் இழுக்க வேண்டும்; நிமிர்த்தும்போது அதே அளவைத் திருப்பித் தர வேண்டும். இடக்கை பொத்தானைத் தட்டும்போதெல்லாம் வலக்கை ஈடுகட்டுகிறது. யாரும் சொல்லித்தராமலே உடம்பு கோசைன் கற்றுக்கொள்கிறது. நான்கு வகைப் பயணங்கள் இருக்கின்றன. முதலாவது 'டிரெயினிங்'; அதில் காற்றின் உராய்வு போல ஒன்று ஓடத்தைத் தடுத்துப் பிடிக்கும். 'கேடட்'டில் உராய்வு போய்விடும். 'பிரைம்' பயணத்தில் ஈர்ப்பு கடுமையாகும். பழகிவைத்த தெரு நெம்புகோலில் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். 'கமாண்ட்' பயணத்தில் ஓடம் சுழலத் தொடங்கினால் தானாக நிற்காது. எதிர்ப்பொத்தானைத் தட்டித்தான் நிறுத்த வேண்டும்.

காசு போட்டால் உயிர் கிடைப்பதில்லை, எரிபொருள் கிடைக்கிறது. ஒரு காசுக்கு எத்தனை அலகு என்பதைக் கடைக்காரர் உள்ளே இருக்கும் சுவிட்சுகளால் தீர்மானிக்கலாம். 450 முதல் 1,800 வரை. ஆட்டத்தின் நடுவிலேயே காசு போட்டுத் தொட்டியை நிரப்பலாம். மோதி நொறுங்கினாலும் ஆட்டம் முடிவதில்லை. எரிபொருளில் ஒரு பங்கு பறிபோகும், அவ்வளவுதான். 'அபார்ட்' பொத்தான் ஓடத்தை நிமிர்த்தி மேலே தூக்கிவிடும், அதற்கும் எரிபொருளில் கணிசமாகப் பிடித்துக்கொள்ளும். இதனால் நெம்புகோலின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் விலை உண்டு. அதிகமாக இழுப்பது பிழை மட்டுமல்ல, செலவும்கூட. இப்படி ஒரு கையசைவையும் சட்டைப்பையையும் நேராகக் கட்டிவிட்ட வேறொரு விளையாட்டை நான் அறியேன்.

அடாரி 4,830 பெட்டிகளைச் செய்தது. அதே ஆண்டு நவம்பரில் 'ஆஸ்டராய்ட்ஸ்' வந்தது. அதே கோட்டுப்படத் தொழில்நுட்பம், அதே கருந்திரை. அதில் ஓடத்தைத் திருப்ப இரண்டு பொத்தான், சுட ஒன்று, மறைந்து வேறிடத்தில் தோன்ற ஒன்று, உந்துவதற்கு ஒன்று. ஆம், உந்துவிசையும் பொத்தானாகிவிட்டது. அது 70,000 பெட்டிகளுக்கு மேல் விற்றது. கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாமல் சில ஆஸ்டராய்ட்ஸ் இயந்திரங்களை லூனார் லேண்டர் பெட்டிகளுக்குள் வைத்தே அனுப்பினார்கள். ஆஸ்டராய்ட்ஸ் மேலான விளையாட்டு என்பதை மறுக்க மாட்டேன். அந்த விரைவுக்குப் பொத்தான்தான் பொருத்தம். ஆனால் ஒரே நிறுவனத்தில், நான்கு மாதங்களுக்குள், நெம்புகோல் இருந்த இடத்தில் ஒரு வட்டமான பொத்தான் வந்து உட்கார்ந்த அந்த நொடியை எண்ணினால் மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

த்ராட்டில் செத்துவிடவில்லை. செகாவின் 'ஹேங்-ஆன்' 1985இல் மோட்டார் சைக்கிளையே கூடத்துக்குள் கொண்டுவந்து, கைப்பிடியை முறுக்கச் சொன்னது. 1987இல் அதே செகாவின் வடிவமைப்பாளர் யூ சுசுகியின் 'ஆஃப்டர் பர்னர்' வந்தது. அதே ஆண்டு அதன் இரண்டாம் வடிவம் த்ராட்டில் நெம்புகோலோடு வந்தது. முதல் வடிவத்தில் விமானம் தன் வேகத்தில் பாய்ந்துகொண்டே இருக்கும், ஆடுபவர் வழி மட்டும் காட்டலாம். இரண்டாவதில் வேகமும் ஆடுபவருடையது. வானமும் மேகமும் அதே மாதிரிதான் பறந்துவருகின்றன. ஆனால் ஏவுகணை பின்னால் துரத்தும்போது தப்பிப்பதா, வேகத்தைக் குறைத்து அதை முன்னே விடுவதா என்ற கேள்வி இப்போது இடக்கைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு நெம்புகோலால் விளையாட்டின் குணமே மாறிவிட்டது.

இதை வீட்டில் அப்படியே ஆட வேண்டும் என்று ஜப்பானில் ஆசைப்பட்டவர்களுக்காக 1989இல் 'சைபர் ஸ்டிக்' பிறந்தது. ஷார்ப் எக்ஸ்68000 கணினிக்கான கருவி, எண் சிஇசட்-8என்ஜே2, விலை 23,800 யென். ஒரு பக்கம் விமானக் குச்சி, மறுபக்கம் த்ராட்டில். வேண்டுமானால் இரண்டையும் கழற்றி இடம் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். இடக்கைப் பழக்கம் உள்ள ஒருவரை மனத்தில் வைத்து யாரோ வரைபலகையில் செலவழித்த நேரம் அது. விளையாட்டுக் கருவிகளில் இந்த மரியாதை அரிது. பழைய சைபர் ஸ்டிக்கை இன்று சேகரிப்பாளர்கள் விடுவதில்லை. லூனார் லேண்டரின் நெம்புகோல் அதைவிட அரிது.

ஆகவே லூனார் லேண்டரை வீட்டுக் கணினியில் ஆட நெம்புகோல் தேடுகிறவருக்கு இரண்டு வழி. விமானப் பயிற்சி விளையாட்டுகளுக்கென்று விற்கும் த்ராட்டில்களில் ஒன்றை வாங்குவது முதல் வழி. அவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. அச்சில் ஊன்றி வளைவாகச் சாய்பவை ஒன்று. சைடெக் எக்ஸ்52 அந்த வகை. நேர்த்தடத்தில் வழுக்கிச் செல்பவை மற்றொன்று. சிஎச் புரோ த்ராட்டிலும் தரஸ்ட்மாஸ்டரின் டிடபிள்யூசிஎஸ்ஸும் இந்த வகை. எல்லாமே நல்ல பொருள்கள்தான். தடத்தில் வழுக்குவதில் ஒரு தெளிவு இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் எங்கும் ஒரு மில்லிமீட்டர்தான். ஆனாலும் லூனார் லேண்டருக்கு எனக்குச் சாய்கிற நெம்புகோல்தான் வேண்டும். அச்சில் ஊன்றிய கோலில் கையின் எடையும் சேர்ந்து பேசும்.

இரண்டாவது வழி செய்துகொள்வது. பட்டியல் சிறியது: ஒரு கோல், ஓர் அச்சு, ஒரு பொட்டென்ஷியோமீட்டர், யுஎஸ்பி வழியாக ஜாய்ஸ்டிக் போலத் தன்னை அறிவித்துக்கொள்ளும் ஒரு சின்னப் பலகை. ஏடிமெகா32யு4 சில்லு உள்ள எந்தப் பலகையும் போதும். இணைப்பும் மூன்றே கம்பிகள்: ஒரு முனைக்கு 5 வோல்ட், மறுமுனைக்குத் தரை, நடுக்காலிலிருந்து பலகைக்கு ஒன்று. ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற நுணுக்கங்களில்தான் சுவை இருக்கிறது.

பொட்டென்ஷியோமீட்டர் என்பது பழைய ரேடியோவின் வால்யூம் திருகியேதான். அதன் முதுகில் 10கே என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் 'ஏ' என்றால் காதுக்கு ஏற்றபடி மடக்கையாக ஏறுவது, 'பி' என்றால் சீராக ஏறுவது. த்ராட்டிலுக்கு 'பி'. தவறி 'ஏ' போட்டுவிட்டால் நெம்புகோலின் முதல் பாதியில் ஒன்றுமே நடக்காது, மறுபாதியில் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும். சத்தத்துக்கு அது சரி. காது அப்படித்தான் கேட்கிறது. நிலவின் ஈர்ப்புக்கு அந்தச் சலுகை ஒத்துவராது.

அடுத்தது கோணம். திருகி 300 பாகை வரை சுழலும். கை வசதியாக இழுக்கக்கூடிய நெம்புகோலோ 60 பாகைதான் சாயும். கோலை நேராகத் திருகியின் தண்டில் மாட்டினால் அதன் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பயன்படும். பலகை 1,024 படிகளாகப் படிக்கிறது என்றால் கைக்குக் கிடைப்பது 205. அதாவது 1979இன் இயந்திரம் எதிர்பார்த்த 256 படிகளைக்கூட எட்டாது. மென்பொருளில் 205ஐ இழுத்து 256 ஆக்கலாம். ஆனால் அது புதிதாக எதையும் தராது, இடையிடையே படிகள் தாண்டிப் போகும். கோலோடு ஒரு பெரிய பல்சக்கரத் துண்டையும் தண்டில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள சிறிய பல்சக்கரத்தையும் வைத்தால் 60 பாகை 240 ஆகும், 205 படி 819 ஆகும். தேவைக்கு மூன்று மடங்குக்கு மேல். பற்களுக்கு இடையே தொளதொளப்பு இருந்தால் மட்டும் எல்லாம் வீண். கையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு செத்த இடம் வரும். அதற்கும் மருந்து உண்டு. திரும்பி இழுக்கும் ஸ்பிரிங் இருந்தால், அது பற்களை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

பல்சக்கரம் வேண்டாம் என்பவர்களுக்குக் காந்தம் இருக்கிறது. அச்சின் முனையில் ஒரு சிறு காந்தம், அதற்கெதிரே தொடாமல் ஓர் உணரி. ஏஎஸ்5600 என்ற சில்லு ஒரு முழுச் சுற்றை 4,096 ஆகப் பிரித்துச் சொல்லும். 60 பாகைக்கு 682 படிகள் நேராகவே கிடைத்துவிடும். உரசுவதற்கு எதுவும் இல்லாததால் தேய்வதற்கும் எதுவும் இல்லை. கார்பன் தடம் தேய்ந்த திருகியில் பழைய ரேடியோ கரகரக்குமே, அதே கரகரப்புதான் த்ராட்டிலில் தழல் துடிப்பதாகத் தெரியும். காந்தத்தில் அது வராது. நான் பரிந்துரைப்பது காந்தத்தைத்தான்.

கோலின் நீளத்தைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எனக்கு அதுதான் இந்த வேலையின் இதயம். 15 செ.மீ. நீளக் கோல் 60 பாகை சாய்ந்தால் கைப்பிடி நகரும் வளைவு 15.7 செ.மீ. அந்தத் தூரத்தில் 256 படிகளைப் பரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரைப் படிக்குச் சற்று அதிகம். கேம்பேடின் கட்டைவிரல் குச்சி நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்வது ஒரு செ.மீ. அளவுதான், அதே 256 படிகள் அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு 25 என்று நெரிசலாக அடைந்துகிடக்கும். அந்தரத்தில் நிற்கும் அந்தச் சிறிய தெருவைக் கட்டைவிரல் ஒரே நடுக்கத்தில் தாண்டிவிடும். முழங்கைக்கு அங்கே நடமாட இடம் இருக்கிறது. கேம்பேடில் லூனார் லேண்டரை ஆடிவிட்டு, இது கடினமான, அலுப்பான விளையாட்டு என்று முடிவுகட்டியவர்கள் உண்மையில் அந்த விளையாட்டை இன்னும் தொடவேயில்லை.

நெம்புகோலை விட்டால் அது திரும்ப வேண்டுமா, அங்கேயே நிற்க வேண்டுமா? செய்கிறவர் தன் ரசனையைக் காட்டும் இடம் இதுதான். நிற்பதற்கு உராய்வு போதும்: அச்சில் இரண்டு நைலான் வாஷர், தளராத நட்டு ஒன்று, திருகித் திருகிக் கைக்குப் பிடித்த இறுக்கம். கையை எடுத்தாலும் எஞ்சின் அதே அளவில் எரிந்துகொண்டிருக்கும். திரும்ப வேண்டுமென்றால் ஸ்பிரிங். விட்டால் எஞ்சின் அணைந்து ஓடம் விழத் தொடங்கும். எரிபொருளை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் இந்த விளையாட்டுக்கு ஸ்பிரிங்தான் என் கட்சி. ஈர்ப்பு எப்போதும் இழுக்கிறது என்பதைத் திரையில் மட்டும் பார்க்காமல் கையிலும் உணர முடிகிறது. அந்தரத்தில் நிற்பது என்பது சும்மா இருப்பதல்ல, விடாமல் உழைப்பது என்று தோள் சொல்கிறது.

ஆனால் வெறும் ஸ்பிரிங் முரட்டுத்தனமானது. நீள நீள அதன் இழுவை கூடும்; முழு விசைக்கு அருகில் கை தளர்ந்துவிடும். இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. ஸ்பிரிங்கின் மறுமுனையை எங்கே மாட்டுகிறோம் என்பதைக் கவனித்து, கோல் சாயச் சாய ஸ்பிரிங் இழுக்கும் கோடு அச்சை நெருங்கி வருமாறு அமைத்தால், இழுவை கூடும் அதே வேகத்தில் அதன் நெம்புத் தூரம் குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, தொடக்கம் முதல் கடைசிவரை ஏறத்தாழ ஒரே கனம் கையில் நிற்கும். ஓட்டை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலே உணர்வு மாறிவிடும் என்பதால், முதலில் ஒரு பலகைத் துண்டில் நாலைந்து ஓட்டைகள் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் மாட்டி இழுத்துப் பார்ப்பது நல்லது. அச்சில் கெட்டியான சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவினால், விட்ட கோல் துள்ளாமல் நிதானமாகத் திரும்பும். பழைய நல்ல ஸ்டீரியோக்களின் திருகிகளில் விரல் உணர்ந்த அந்த வழவழப்பான தடை, இதே வகை கிரீஸின் வேலைதான்.

எல்லைகளைக் கோலே தாங்க வேண்டும். திருகிக்குள் இருக்கும் தடுப்பு மெல்லிய உலோகத் துண்டு. நீண்ட கோலின் நெம்பு விசையில் அது ஒரு வாரம் தாங்கினால் பெரிது. இரு முனையிலும் தடித்த ரப்பர் வைத்து, கோல் அதில் போய் முட்டட்டும். ரப்பரின் மென்மையைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம். மிகக் கெட்டியாக இருந்தால் 'டக்' என்று எலும்பில் இடிக்கும். மிக மென்மையாக இருந்தால் முழு விசை எங்கே முடிகிறது என்று கைக்குத் தெரியாது.

மென்பொருளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் அணைத்துவைப்பது. பலகை ஒருமுறை படிக்க ஒரு மில்லி வினாடியில் பத்தில் ஒரு பங்கு போல எடுக்கும். எட்டு முறை படித்துச் சராசரி எடுத்தாலும் ஒரு மில்லி வினாடிக்குள் முடிந்துவிடும். நடுக்கம் போய்விடும், தாமதமும் தெரியாது. 64 முறை படித்துச் சராசரி எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம், கை சொன்னதைத் தழல் உடனே கேட்க வேண்டும். 1997 முதல் பழைய ஆர்கேட் இயந்திரங்களைக் கணினியில் உயிர்ப்பித்துவரும் 'மேம்' இந்த நெம்புகோலைக் கார் பெடல் வகையில் சேர்த்திருக்கிறது. அதனால் முழு ஓட்டமும் பெடலின் தொடக்கம் முதல் முடிவுவரை பொருந்துகிறதா, திசை தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நடுநிலைக்குத் திரும்பும் குச்சிகளுக்காக அதில் டெட் ஜோன் என்ற அமைப்பு இருக்கிறது. தொடக்கத்துச் சிறு அசைவுகளை அது விழுங்கிவிடும். த்ராட்டிலுக்கு அதைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். சாச்சுரேஷன் என்ற மற்றோர் அமைப்பு, முனைக்குச் சற்று முன்பே முழு அளவு வந்துவிட்டதாகக் கணக்கு வைக்கும். அதையும் முழுமைக்கு ஏற்றிவிட்டால்தான் கடைசிச் சென்டிமீட்டரும் வேலை செய்யும்.

ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் கொக்கிக்குப் பதிலாகக் கழற்றக்கூடிய ஒரு முள்ளாணியை வைத்துக்கொள்வது நல்லது. ஆணியை உருவி, அச்சின் நட்டை அரைச்சுற்று இறுக்கினால், திரும்பி வந்த கோல் நிற்கும் கோலாகிவிடும். அப்போது அதே பெட்டியை இடப்பக்கம் நகர்த்தி வைத்து, அடாரியின் 1991ஆம் ஆண்டு ஹெலிகாப்டர் விளையாட்டான 'ஸ்டீல் டாலன்ஸ்'ஸுக்கு ஏற்ற-இறக்க நெம்புகோலாக ஆடலாம். அதற்குக் காலால் மிதிக்கும் சுக்கான் பெடல்களும் வேண்டும். அது தனி வேலை, மரமும் கீல்களும் இன்னொரு காந்தமும் கேட்கும்.